கிரேக்கரின் நிலத்தாய்: பாட்டிலும் வழிபாட்டிலும்



ஹோமரின் இலியட் காவியத்தில், மூன்றாம் பகுதியிலே, ஒரு சத்தியக் காட்சி வருகிறது. துரோய் நகரின் மதிலுக்கு வெளியே இரு படைகளும் ஆயுதங்களை நிலத்தில் வைத்துவிட்டு அமர்ந்திருக்கின்றன. பாரிசும் மெனெலாசும் தனித்து நின்று பொருதி வழக்கைத் தீர்த்துக்கொள்வது என்பது ஏற்பாடு. இரு தரப்பாரும் அதற்குக் கட்டுப்பட வேண்டுமானால் சத்தியம் செய்யவேண்டும். சத்தியத்துக்குப் பலி வேண்டும். மெனெலாஸ் மூன்று ஆட்டுக்குட்டிகளைக் கேட்கிறான். வெள்ளைக் கடா சூரியனுக்கு. கறுத்த பெண்குட்டி நிலத்துக்கு. மற்றொன்று சியூசுக்கு.

சூரியனுக்குக் கொடுப்பது விளங்குகிறது. அவன் மேலிருந்து எல்லாவற்றையும் பார்க்கிறவன். சியூஸ் தேவர்களுக்கு அரசன். நிலத்துக்கு ஏன் கொடுக்கவேண்டும்? அந்தக் காவியத்திலே தேவர்கள் பேசுகிறார்கள், சண்டையிடுகிறார்கள், காயப்படுகிறார்கள். நிலமகளோ ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஒலிம்பஸ் மலையிலே கூடும் தேவசபையில் அவளுக்கு ஆசனமும் இல்லை. ஆனால், சத்தியம் என்று வந்ததும் அவளைச் சாட்சிக்கு அழைக்காமல் முடியவில்லை. கதையிலே இடமில்லாத ஒருத்திக்குப் பலியிலே இடமிருக்கிறது. இன்றைய உரை இந்த முரணைப் பற்றியது.

கிரேக்கர் நிலத்தாயைக் கேயா என்றும், சுருக்கமாகக் கே என்றும் அழைத்தனர். மண் என்பதற்கு அவர்கள் அன்றாடம் வழங்கிய சொல்லும் அதுவே. பூமாதேவி என்றதும் திருமாலின் பக்கத்தில் நிற்கும் ஒரு வடிவம் நமது மனத்தில் எழுகிறது. கிரேக்க உழவனுக்கு அவ்வாறு பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அவன் உழுததும் கே, தொழுததும் கே.

இந்த நிலத்தாயின் வரலாற்றைத் தொடர்ச்சியாக நமக்குச் சொல்பவர் ஹெசியொட் என்ற புலவர். கி.மு. 700 அளவில், பொயோஷியா நாட்டிலே அஸ்க்ரா என்னும் சிற்றூரில் வாழ்ந்த கமக்காரர் அவர். தமது ஊரின் குளிரையும் வெயிலையும் பாட்டிலேயே நொந்துகொண்டவர். அவர் பாடிய 'தியோகொனி', அதாவது தேவர்களின் பிறப்பு வரலாறு, ஆயிரம் அடிகளளவில் அமைந்த நூல். அதன்படி முதலில் தோன்றியது கயோஸ் என்ற வெறும் பிளவு. அடுத்துத் தோன்றியவள் கேயா. அவள் எவருடைய துணையுமின்றி வானமாகிய ஊரானசைப் பெறுகிறாள். மலைகளைப் பெறுகிறாள், கடலைப் பெறுகிறாள். பின்னர் தான் பெற்ற வானத்தையே கணவனாக்கிக்கொண்டு தைத்தான்கள் பன்னிருவரையும், ஒற்றைக் கண்ணர் மூவரையும், நூறு கைகள் கொண்டோர் மூவரையும் பெறுகிறாள்.

ஊரானஸ் பிள்ளைகளை வெறுக்கிறான். பிறக்கப் பிறக்க அவர்களைத் தாயின் உள்ளேயே திணித்து அடைத்துவிடுகிறான். உள்ளே நெருக்குண்டு முனகும் நிலத்தாய், வன்மையான உலோகத்தை உண்டாக்கி ஓர் அரிவாள் செய்கிறாள். பிள்ளைகளிலே கடைசிப் பையனாகிய குரோணஸ் அதை வாங்கிக்கொள்கிறான். இரவோடு வானம் நிலத்தின்மீது வந்து படியும்போது தந்தையின் ஆண்மையை அறுத்து எறிகிறான். சிந்திய குருதியை நிலம் ஏந்திக்கொள்கிறது. அதிலிருந்து பிறந்தவர்களுள் எரினியர் என்னும் பழிதீர்க்கும் தேவியரும் அடங்குவர். இவர்களை நினைவில் வைத்திருங்கள். பின்னர் மீண்டும் சந்திப்போம்.

குரோணசும் தந்தைக்குச் சளைத்தவனல்லன். தன் பிள்ளைகளைப் பிறந்தவுடனேயே விழுங்குகிறான். அவன் மனைவி றீயா பெற்றோரிடம் யோசனை கேட்க, அவர்கள் சொன்ன வழியில் கடைசிக் குழந்தை சியூஸ் கிரேத்தாத் தீவிலே மறைத்து வைக்கப்படுகிறான். குழந்தையை ஏந்தி வளர்க்கப் பொறுப்பேற்றவள் கேயா. குரோணஸ் துணியில் சுற்றிய கல்லை விழுங்கி ஏமாறுகிறான். சியூஸ் வளர்ந்து தைத்தான்களோடு போர் தொடுத்தபோதும், நூறு கையரை விடுவித்தால் வெற்றி கிட்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் கேயாதான். போர் முடிந்தபின் அவளே தைபோயஸ் என்ற பயங்கரப் பிறவியைப் பெற்றுச் சியூசுக்கு எதிராக ஏன் எழுப்பினாள் என்பதற்கு ஹெசியொட் காரணம் சொல்வதில்லை. அதுவும் வீழ்ந்தபிறகு, சியூசையே அரசனாக்குங்கள் என்று தேவர்களுக்குச் சொன்னவளும் அவளே.

இந்தக் கதையின் முடிவைக் கவனிக்கவேண்டும். சியூசின் முதல் மனைவி மேத்திஸ், அறிவே உருவானவள். அவள் பெறப்போகும் மகன் தந்தையை வீழ்த்துவான் என்று கேயாவும் ஊரானசும் எச்சரிக்கிறார்கள். பாட்டன் பிள்ளைகளைத் தாயின் உள்ளே அடைத்தான். தந்தை பிள்ளைகளை விழுங்கினான். சியூஸ் கர்ப்பிணியான தாயையே விழுங்கிவிடுகிறான். அதீனா அவனுடைய தலையிலிருந்து பிறக்கிறாள். இனி அரியணையை எவரும் பறிக்கமுடியாது. ஒவ்வொரு புரட்சிக்கும் வழிசொன்ன நிலத்தாய், கடைசியாகச் சொன்ன வழியினாலே தன்னுடைய வேலையையும் முடித்துக்கொண்டாள். அரசு நிலைபெற்றபின் அவளுடைய குரல் தேய்ந்து போகிறது.

இதே மாற்றத்தை நாடக மேடையில் காட்டியவர் ஈஸ்கிலஸ். கி.மு. 458 இல் ஏதென்சில் அரங்கேறிய அவருடைய ஒரெஸ்தியா முந்நாடகத்தின் மூன்றாம் பகுதி, டெல்பிக் கோவில் வாசலில் தொடங்குகிறது. அங்கே அருள்வாக்குச் சொல்லும் பூசாரிணி முதல் வணக்கத்தை அப்பொலோவுக்குச் செய்வதில்லை. முதன்முதல் அந்த இடத்திலிருந்து வாக்குரைத்தவள் கேயா. அவளிடமிருந்து மகள் தெமிசுக்கும், பின் இன்னொரு மகள் பீபிக்கும், அவளிடமிருந்து பிறந்தநாட் பரிசாக அப்பொலோவுக்கும் அந்த ஆசனம் வந்தது என்று வரிசைப்படுத்துகிறாள். எல்லாம் சமாதானமாக நடந்த கைமாற்றம்! அப்பொலோமீது பாடப்பட்ட பழைய துதிப்பாடல் ஒன்றோ, அவன் அங்கேயிருந்த பெண் பாம்பு ஒன்றைக் கொன்றுதான் அவ்விடத்தைப் பிடித்தான் என்கிறது. ஈஸ்கிலஸ் அந்தக் கொலையைத் தம் மேடையில் ஏற்றவில்லை.

நாடகத்தின் வழக்கு யாவரும் அறிந்தது. தந்தையைக் கொன்ற தாயைக் கொன்றவன் ஒரெஸ்டஸ். தாய்க்கொலைக்குப் பழிவாங்க எரினியர் அவனைத் துரத்துகின்றனர். வழக்கு ஏதென்சின் அரியோபாகஸ் மன்றத்துக்கு வருகிறது. அப்பொலோ அவனுக்காக வாதாடும்போது சொல்லும் நியாயம் விசித்திரமானது: தாய் பிள்ளையைப் பெற்றவளல்லள், தந்தையின் வித்தைக் காத்து வளர்க்கும் செவிலி மட்டுமே. சாட்சி வேண்டுமா? இதோ, தாயில்லாமற் பிறந்த அதீனா நிற்கிறாள். வாக்குகள் சமமாக வர, அதீனாவின் வாக்கினால் ஒரெஸ்டஸ் விடுதலை பெறுகிறான். நிலத்தை வெறும் பாத்திரமாக்கிவிடும் இந்த வாதம் வென்றுவிடுகிறது. ஆயினும், தோற்ற எரினியரை நகரத்திலிருந்து விரட்ட அதீனா துணியவில்லை. கோபித்தால் பயிரும் கருவும் கருகிப்போகும் என்று அவர்கள் மிரட்டுகிறார்கள். அவர்களைக் கெஞ்சி, மலையின் கீழே நிலத்துக்குள் இருப்பிடம் கொடுத்து, முதற்பலனில் பங்கும் கொடுத்து ஊர்வலமாக அழைத்துச் செல்கிறார்கள். வழக்கிலே தோற்றவர்கள் வழிபாட்டிலே குடியேறுகிறார்கள்.

இந்த நாடகத்தைப் பற்றிப் பேசும்போது ஜோர்ஜ் தொம்சனின் பெயரை நாம் விட்டுவிட முடியாது. பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலே கிரேக்கப் பேராசிரியராக இருந்தவர்; நமது கைலாசபதியும் சிவத்தம்பியும் அவரிடம் சென்று ஆய்வு செய்தவர்கள். 1941 இல் வெளிவந்த 'ஈஸ்கிலசும் ஏதென்சும்', 1949 இல் வெளிவந்த பண்டைய ஈஜியன் உலகம் பற்றிய நூல் ஆகிய இரண்டிலும், தாய்வழிச் சமுதாயம் தந்தைவழிச் சமுதாயத்துக்கு இடங்கொடுத்த நிகழ்வின் எதிரொலியே இந்த ஐதீகங்கள் என்று அவர் விளக்கினார். அந்தக் கருத்துக்கு முன்னோடி, சுவிற்சர்லாந்துச் சட்ட அறிஞர் பஹோஃபன் 1861 இல் எழுதிய 'தாயுரிமை'. அதையே ஏங்கெல்சும் எடுத்தாண்டார். நம்மவர்களுள் ஒரு தலைமுறையினர் ஐதீகங்களை இந்தக் கண்ணாடி வழியாகவே படித்தார்கள். அதனால் பெற்ற பயன் பெரிது. கதை என்று ஒதுக்கியவற்றைச் சமூகத்தின் பேச்சாகக் கேட்கப் பழகினோம்.

ஆனால், கண்ணாடியையும் இடைக்கிடை துடைக்கவேண்டும். கிரேக்கர் வருமுன் ஒரே மகா தாய்த்தெய்வம் அங்கே ஆட்சி செலுத்தியது என்றும், சியூஸ் பின்னர் வந்து அவளைக் கவிழ்த்தான் என்றும் சொல்வதற்கு மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சான்றுகள் அவ்வளவாக இடந்தரவில்லை. 1952 இல் மைக்கேல் வென்றிஸ் வாசித்தறிந்த களிமண் ஏடுகள் கி.மு. 13ஆம் நூற்றாண்டுக் கிரேக்க அரண்மனைகளின் கணக்குகள். அவற்றிலே 'பொத்னியா', அதாவது தலைவி என்ற பெண்தெய்வம் பல இடங்களில் காணிக்கை பெறுகிறாள். ஆனால், சியூசும் ஹீராவும் கூட அப்போதே அங்கே இருக்கிறார்கள். புதிய கற்காலத்துப் பெண்ணுருவச் சிலைகள் எல்லாம் தாய்த்தெய்வமே என்ற முடிவை 1968 இல் பீற்றர் உக்கோ கடுமையாக மறுத்தார். பொம்மையாகவும் இருக்கலாம், மந்திரப் பொருளாகவும் இருக்கலாம் என்றார். டெல்பியில் அப்பொலோவுக்கு முன் கேயா இருந்தாள் என்பதுகூடப் புலவர்கள் கட்டிய வரிசையாக இருக்கலாம் என்று இன்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

அப்படியானால் எஞ்சுவது என்ன? பழைய அரசி ஒருத்தி இருந்தாளோ இல்லையோ, அப்படி ஒருத்தி இருந்ததாகவும், அவளிடமிருந்தே இன்றைய ஆட்சி வந்ததாகவும் சொல்லிக்கொள்ளும் தேவை கிரேக்கப் புலவர்களுக்கு இருந்தது. என்னளவில், இது தொம்சன் சொன்னதைவிடச் சுவையான கேள்வி.

கேயாவுக்கென்று எழுந்த பெருங்கோவில்கள் குறைவு. ஏதென்சிலே அக்ரோபோலிசின் அருகில், பிள்ளைகளை வளர்ப்பவள் என்ற பெயரில் அவளுக்கு ஒரு சிறு தலம் இருந்தது. ஏதென்சு மக்கள் தங்கள் முன்னோனாகிய எரிக்தோனியஸ் மண்ணிலிருந்து பிறந்தவன் என்று பெருமை பேசினார்கள். இடுப்பளவு நிலத்திலிருந்து எழும்பிய கேயா, குழந்தையை அதீனாவின் கையில் கொடுக்கும் காட்சி அவர்களுடைய மட்பாண்ட ஓவியங்களிலே காணப்படுகிறது. எல்லோரும் ஒரே மண்ணின் பிள்ளைகள் என்பது கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே நகரம், கி.மு. 451 இல் பெரிக்கிளிஸ் கொண்டுவந்த சட்டப்படி, தாய் தந்தை இருவரும் ஏதென்சைச் சேர்ந்தவர்களாக இல்லாதவனுக்குக் குடியுரிமை மறுத்தது. மண்ணின் மைந்தர் என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

நிலத்தாயின் உண்மையான வழிபாட்டைக் காணவேண்டுமானால் அவளுடைய பேர்த்தியிடம் போகவேண்டும். அவள்தான் டெமீற்றர், தானியத்தின் தேவி. அந்தப் பெயரின் பிற்பகுதி தாய் என்ற பொருளுடையது. முற்பகுதியும் நிலம் என்பதே எனப் பழையவர்கள் நம்பினார்கள். மொழியியலாளர் இதை ஒருமனதாக ஏற்கவில்லை. பெயர் எப்படியாயினும், பலி வாங்கும் உரிமை அவளிடமே வந்து சேர்ந்தது. அவள் கதையைச் சொல்லும் 'டெமீற்றர் துதிப்பாடல்' 495 அடிகளைக் கொண்டது. பல நூற்றாண்டுகள் காணாமற் போயிருந்த இந்தப் பாடலின் ஒரே கையெழுத்துப் பிரதி, 1777 இல் மொஸ்கோவிலே அகப்பட்டது. கிரேக்க இலக்கியத்தில் இதற்கு ஈடான தாயின் பாட்டு வேறில்லை என்பேன்.

பேர்செபொனி தோழியருடன் பூக்கொய்கிறாள். நூறு பூக்கள் ஒரே வேரில் எழும்பிய நார்சிசஸ் செடி ஒன்று அவள் கண்ணிற்படுகிறது. கைநீட்டியதும் நிலம் பிளக்கிறது. பாதாளத்தின் அரசன் ஹேடீஸ் தேரில் வந்து அவளைத் தூக்கிச் செல்கிறான். அந்தப் பூவை முளைக்கச் செய்தவள் யார் தெரியுமா? கேயா. சியூசின் விருப்பப்படி, ஹேடீசை மகிழ்விக்க, நிலத்தாயே கொள்ளுப்பேர்த்திக்குப் பொறி வைத்தாள் என்று பாடல் கூசாமற் சொல்கிறது. ஹெசியொட்டில் அரசைப் படைத்தவள், இங்கே அரசின் ஏவலாளியாகிவிட்டாள்.

டெமீற்றர் ஒன்பது நாள் உண்ணாமல், குளிக்காமல், கையில் பந்தங்களோடு அலைகிறாள். சூரியன் உண்மையைச் சொல்கிறான். கூடவே, மாப்பிள்ளை குறைந்தவனல்லன், உன் சொந்தச் சகோதரன், கோபத்தை விடு என்று புத்தியும் சொல்கிறான். தந்தை சம்மதித்துக் கொடுத்துவிட்டான். தாயிடம் கேட்கவேண்டும் என்பது அந்தச் சமூகத்தின் சட்டத்திலே இல்லை. பாடலின் வலி முழுவதும் இங்கேதான் இருக்கிறது. அவள் ஒலிம்பசை விட்டுவிட்டுக் கிழவி வேடத்தில் எலூசிஸ் என்ற ஊருக்கு வந்து, கிணற்றடியில் அமர்கிறாள். தண்ணீர் எடுக்கவந்த நான்கு சகோதரிகள், ஆச்சி எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்து வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார்கள். முகத்தை மூடிக்கொண்டு பேசாதிருந்தவளை இயாம்பி என்ற பணிப்பெண் பகிடி பேசிச் சிரிக்க வைக்கிறாள். வைன் கொடுக்க மறுக்கிறாள். வாற்கோதுமை மாவும் தண்ணீரும் புதினா இனத்து இலையும் கலந்த பானத்தைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். அது பின்னர் சடங்கிலே இடம்பெற்ற பானம்.

அவ்வீட்டுக் குழந்தையைச் சாகாவரம் பெறச் செய்வதற்காக ஒவ்வோரிரவும் நெருப்பிலே வைக்கிறாள். பெற்றவள் கண்டு அலறுகிறாள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் மருந்து, பிள்ளை போகிறதே என்று பதறும் இன்னொரு தாயினால் கெட்டுவிடுகிறது. கோவில் எழுகிறது, அதற்குள் இருந்துகொண்டு டெமீற்றர் விதைகளை முளைக்கவிடாமல் தடுக்கிறாள். மனிதர் பட்டினியால் மடிந்தால் தேவர்களுக்குப் பலி கொடுப்பார் யார்? சியூஸ் ஒவ்வொரு தேவராகத் தூது விடுகிறான். அவள் அசையவில்லை. கடைசியில் மகளை அனுப்பவேண்டி வருகிறது. ஹேடீஸ் இரகசியமாக ஊட்டிய ஒரு மாதுளை விதையினால், ஆண்டில் மூன்றிலொரு பங்கு அவள் கீழேயும், மீதி தாயோடும் இருப்பாள் என்று தீர்ப்பாகிறது. இதை வந்து சொல்பவள் டெமீற்றரின் தாய் றீயா. வாளெடுத்த எவராலும் அசைக்கமுடியாத சியூசின் ஆட்சி, அமர்ந்த இடத்தைவிட்டு எழாத ஒரு பெண்ணின் முன் இறங்கி வந்த ஒரே சந்தர்ப்பம் இது எனலாம்.

கிரேக்கத்தில் கோதுமையும் வாற்கோதுமையும் இலையுதிர் காலத்து மழையோடு விதைத்து, கோடையின் தொடக்கத்தில் அறுக்கப்படுவன. பின்வரும் மாதங்கள் காய்ந்த மாதங்கள். பேர்செபொனி கீழே இருப்பது நிலத்தடிக் குதிரில் விதைத்தானியம் கிடக்கும் அந்தக் கோடையையே குறிக்கும் என்று சுவீடன் அறிஞர் நில்சன் விளக்கினார். ஆனால் துதிப்பாடலோ, அவள் வசந்தகாலப் பூக்களோடு வருவதாகச் சொல்கிறது. இரண்டையும் பொருத்த அறிஞர் இன்னும் பாடுபடுகிறார்கள்.

பெண்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. விதைப்புக்கு முன், மூன்று நாள், தெஸ்மொபோரியா என்ற விழாவை அவர்கள் நடத்தினார்கள். ஆண்களுக்கு அனுமதியில்லை. இரண்டாம் நாள் வெறுந்தரையில் அமர்ந்து பட்டினி கிடந்தார்கள். முன்னரே குழிகளில் போடப்பட்ட பன்றிக்குட்டிகள் அழுகிக் கிடக்க, தூய்மை காத்த பெண்கள் சிலர் உள்ளே இறங்கி எச்சங்களை அள்ளிவந்து பீடத்தில் வைப்பார்கள். அதை எடுத்து விதையோடு கலந்து விதைத்தால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. எருவும் பலியும் ஒன்றாகிவிட்ட சடங்கு இது. அரிஸ்தொபானிஸ் கி.மு. 411 இல் இவ்விழாவை வைத்து ஒரு கேலி நாடகம் எழுதினார். உள்ளே என்ன நடக்கிறது என்று அறியாத ஆண்களின் அச்சமும் அந்தச் சிரிப்பிலே கலந்திருக்கிறது.

எலூசிசின் இரகசியச் சடங்கோ எல்லோருக்கும் திறந்திருந்தது. கிரேக்க மொழி தெரிந்து, கொலைப்பழி இல்லாதிருந்தாற் போதும். ஆண், பெண், அடிமை என்ற பேதமில்லை. தீட்சை பெறுவோர் கடலில் நீராடிவிட்டு, ஏதென்சிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் நடந்து செல்வார்கள். இரவிலே பெரிய மண்டபத்தினுள்ளே எதையோ கண்டார்கள். கண்டதை வெளியிற் சொல்லக்கூடாது. சடங்கைக் கேலியாக நடித்துக் காட்டினான் என்ற குற்றச்சாட்டினாலே, கி.மு. 415 இல் அல்கிபியாடிஸ் என்ற தளபதி நாட்டைவிட்டு ஓடவேண்டி வந்தது. ஆயிரம் ஆண்டுகளளவில் ஆயிரக்கணக்கானோர் கண்ட அந்த இரகசியம் இன்றும் இரகசியமே. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிறிஸ்தவப் பேரரசர் தியோடோசியஸ் பழைய வழிபாடுகளைத் தடைசெய்தார். சில ஆண்டுகளில் அலாரிக்கின் கோதியப் படைகள் எலூசிசை அழித்தன.

அத்தோடு எல்லாம் முடிந்திருக்கவேண்டும். ஆனால், 1801 இல் எட்வேட் டானியல் கிளார்க் என்ற ஆங்கிலேயர் எலூசிசுக்குச் சென்றபோது, இடிபாடுகளிடையே தலையிலே கூடை போன்ற ஒன்றைச் சுமந்த பெரிய பளிங்குப் பெண்சிலை ஒன்று, கழுத்தளவு சாணக்குவியலில் புதைந்து கிடக்கக் கண்டார். அவ்வூரவர்கள் அப்போது கிறிஸ்தவர்கள். இருந்தும் அந்தச் சிலையே தங்கள் வயல்களை விளையச் செய்கிறது என்று நம்பினார்கள். திருநாட்களில் அதற்கு முன் விளக்கேற்றினார்கள். கிளார்க் துருக்கிய அதிகாரியிடம் அனுமதி பெற்று, ஊரவரின் எதிர்ப்பைச் சமாளித்து, சிலையைக் கப்பலேற்றினார். கப்பல் இங்கிலாந்துக் கரையருகே உடைந்தது. சிலையை மீட்டுக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார்கள். அங்குள்ள பிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அது டெமீற்றரே அல்லள், கோவில் வாயிலைத் தாங்கிநின்ற பணிப்பெண்களுள் ஒருத்தி என்று பின்னர் அறிஞர்கள் கண்டுபிடித்தார்கள். அவளுடைய இணைச்சிலை எலூசிசிலேயே இருக்கிறது.

சிலை எடுக்கப்படுமுன் ஒருமுறையும், எடுக்கப்பட்டபின் மீண்டும் அவ்வூருக்குச் சென்றவர் எட்வேட் டொட்வெல் என்ற மற்றொரு பயணி. முதன்முறை அவர் போனபோது அது சூடடிக்கும் களத்தின் நடுவே நின்றதாம். இரண்டாம் முறை போனபோது ஊரவர்கள் அவரிடம் முறையிட்டார்கள்: அவள் போனபின் பழைய விளைச்சல் இல்லை என்று.